அயலான் யார்?

இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள தேசத்தை வேல்ஸ் என்றும், ஜனங்களையும் பாஷையையும் வெல்ஷ் என்றும் உலகமெல்லாம் சொல்லுகிறது. நாமும் சொல்லுகிறோம். அதன் அர்த்தமென்ன என்று கேட்டோமா?

'அயலான்' என்பதே அர்த்தம். யாருக்கு யார் அயலான்? ரோமர் ஆட்சி ஒழிந்தபின் கடல்தாண்டி வந்து குடியேறியவர்கள் ஆங்கிலேயரின் முன்னோர். அதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்தவர்கள் இவர்கள். வந்தவன் வீட்டுக்காரனைப் பார்த்து 'நீ அந்நியன்' என்றான், அப்பெயரே நிலைத்தது! பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அடிமை என்றும் பொருள் ஏறிற்று. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் ஈனி அரசன் செய்த சட்டத்தில், வெல்ஷ்காரன் உயிருக்கு வைத்த விலையே ஆங்கிலேயன் உயிரின் விலைக்குக் குறைவு. பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அவர்கள் தங்களை அழைத்துக்கொள்வது 'கம்ரி' என்று. ஒரே நாட்டெல்லைக்குள் வாழும் கூட்டாளிகள் என்பது அதன் மூலப்பொருள். பாஷைக்குக் 'கம்ரைக்' என்று பெயர். ஒன்று தோழமையைச் சொல்லுகிறது, மற்றொன்று தள்ளிவைக்கிறது.

தள்ளிவைத்தது வாயளவிலா? 1536-ம் வருஷத்துச் சட்டம், அந்தப் பாஷையை வழங்குவோருக்குச் சர்க்கார் உத்தியோகமில்லை என்றது. 1847-ல் அங்குள்ள கல்வியைப் பற்றி அறிக்கை தந்த மூன்று கமிஷனர்களுக்கும் அந்தப் பாஷை தெரியாது. தெரியாத பாஷையைத்தான் ஒழுக்கத்துக்கும் முன்னேற்றத்துக்கும் தடை என்றார்கள்! பெண்களின் நடத்தையையும் தூற்றினார்கள். சாட்சிகளில் பெரும்பகுதி இங்கிலாந்து மதச்சபையின் பாதிரிகள். ஜனங்களோ பெரும்பாலும் அச்சபையை விட்டு விலகியவர்கள். விளைவைக் கேட்பானேன்?

பந்தயப் பணத்தைக் கொடாமல் ஓடுவதற்கும் ஆங்கிலத்தில் 'வெல்ஷ்' என்றே வினைச்சொல் உண்டு. அதன் மூலம் நிச்சயமில்லை என்கிறார்கள் அகராதிக்காரர்கள். மூலம் எதுவாயினும், காதில் விழுவது ஒரு ஜனத்தின் பெயரல்லவா?

வெல்ஷ் என்ற சொல்லையே ஒழிக்க வேண்டுமென்பதல்ல நம் வாதம். அவர்களே ஆங்கிலம் பேசும்போது அதை வழங்குகிறார்கள். வசையும் நாளடைவில் வெறும் பெயராகிவிடும். ஆனால் 2011-ல் அந்தப் பாஷைக்கு அங்கே சட்டப்படி அந்தஸ்து வந்தாயிற்று. 2023-ல் ஒரு தேசியப் பூங்கா தன் ஆங்கிலப் பெயரை விட்டு 'பன்னை பிரகைனியோக்' என்ற சொந்தப் பெயரையே வழங்குவதென்று அறிவித்தது. உடனே, 'வாயில் நுழையவில்லை' என்று சிலர் முறையிட்டார்கள். அந்த மலையடிவாரத்துக் குழந்தைகளின் வாயில் அது நன்றாகவே நுழைகிறது.