பவளத் தொட்டியும் விளக்கும்

முக்கடலும் தழுவும் குமரிக் கரையில் வாழும் நமக்கு ஒளிக்குப் பஞ்சம் என்பது என்றும் இருந்ததில்லை. கடலினின்று எழுந்து கடலிலேயே மறையும் ஞாயிற்றைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் நம் ஊர்க்கு வருகின்றனர். ஆயினும், அவ்வொளி நீரினுள் புகுந்தபின் யாது செய்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்பார் நம்முள் மிகச் சிலரே. கண்ணாடித் தொட்டியில் உவர்நீர் நிறைத்துப் பவளம் வளர்க்கும் வேட்கை இந்நாளில் உலகெங்கும் பரவியுள்ளது. நம் நாட்டு நகரங்களும் அதற்கு விலக்கல்ல. அவ்வேட்கையுடையார் பிற யாவற்றினும் பிழைபடுவது விளக்கினிடத்தே என்பது எமது கருத்து. தம் கண்ணுக்கு இனியதெதுவோ அதனையே பவளத்திற்கும் இனியதென்று அவர் கொள்கின்றனர். இக்கொள்கை தவறுடைத்து என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றோம்.

பவளம் கல்லன்று, செடியுமன்று. சுண்ணாம்புக் கூடு கட்டிக் கூட்டமாய் வாழும் சிற்றுயிர்களின் குடியிருப்பே அது. நம் மீனவர் 'பார்' என்று வழங்கும் கடலடித் திட்டுக்களுட் சில இவ்வுயிர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கட்டியெழுப்பியவையே. இவற்றின் உடலினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவாக்கித் தமக்கு இடமளித்த பவளத்திற்கும் பங்கிடுகின்றன. பல பவள இனங்கள் தமக்கு வேண்டும் ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்பாசிகளிடமிருந்தே பெறுகின்றன என்பர் உயிர்நூலார். ஆகவே, மீன் தொட்டிக்கு விளக்கு ஓர் அணிகலன். பவளத் தொட்டிக்கோ விளக்கே அன்னம்.

இனி, எத்தகைய விளக்கு வேண்டும்? கதிரொளி கடல்நீரிற் புகுங்கால் செந்நிறம் மேற்பரப்பை அடுத்தே உறிஞ்சப்பட்டு மறைகின்றது. நீல நிறமே ஆழத்தை எட்டுகின்றது. ஆதலின், பவளத்துப் பாசிகள் 400 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியைச் சிறப்பாக ஏற்கும் இயல்பின. நம் கண்ணோ 555 நானோமீட்டரை அடுத்த பசுமஞ்சள் ஒளியையே மிகுதியாக உணர்வது. நமக்கு மங்கலாய்த் தோன்றும் நீலவிளக்கு பவளத்திற்கு நிறைவிருந்தாகவும், நமக்குக் கண்கூசும் வெள்விளக்கு அதற்கு அரைவயிற்று உணவாகவும் அமைதல் கூடும். கண்ணின் உணர்வை ஒட்டி அமைந்த லக்ஸ் அளவியும் இதனாலேயே நீலவொளியைக் குறைத்துக் காட்டுகின்றது. கண்ணை நம்பி விளக்கு வாங்குதல், நாவிற்கு இனிக்கின்றதென்று மருந்து வாங்குதலை ஒக்கும்.

முற்காலத்தில் இத்தொட்டிகளுக்கு மெட்டல் ஹாலைடு விளக்குகளைப் பயன்படுத்தினர். அவற்றின் வெப்பம் நீரையும் காய்ச்சிற்று. ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவர் நீலவொளி தரும் எல்.இ.டி.யை ஆக்கி, அதற்காக 2014-ஆம் ஆண்டில் பௌதிக நோபெல் பரிசு பெற்றனர். அவர்தம் ஆக்கத்தால் குறைந்த மின்செலவில், வேண்டிய நிறத்தை வேண்டிய அளவிற் பெறும் வாய்ப்பு உண்டாயிற்று. பவளத் தொட்டியின் நீர் 24 முதல் 27 பாகை வெப்பத்தில் நிற்றல் நலம். நம்மூர்க் கோடையில் இதுவே அரிய செயலாதலின், எல்.இ.டி.யே நமக்கு ஏற்றதென்பதில் ஐயமில்லை. ஆனால், வாட்டுக் கணக்கைப் பார்த்து அதனை வாங்குதல் தகாது. ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடியில் எத்துணை மைக்ரோமோல் ஒளி விழுகின்றது என்பதே பவளத்திற்குரிய கணக்கு. மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை பொதுவாகப் போதும். கிளைத்து வளரும் சிறுகண் கற்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும்.

விளக்கைத் தேர்தல் பாதி வேலையே. அதனை நிறுத்துமிடம் மற்றைப் பாதி. விளக்கினின்று ஒளி கூம்பு வடிவாய் விரிந்து இறங்குகின்றது. நேர்கீழே அது மிகுதி, மூலைகளிற் குறைவு, ஆழஞ் செல்லச் செல்லப் பின்னுங் குறைவு. விளக்கை உயர்த்தினால் ஒளி பரந்து மெலியும். தாழ்த்தினால் குவிந்து சுடும். பெரும்பாலான தொட்டிகளுக்கு நீர்மட்டத்தினின்று 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் தொடக்கத்திற்குப் பொருந்தும். ஒரே பெருவிளக்கு ஒருபுறம் வெளிச்சமும் மறுபுறம் நிழலுமாய்ப் பவளத்தை வாட்டும். இரு சிறு விளக்குகளை இடம்விட்டு அமைத்தால் நிழல் குறையும். தொட்டியைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டந்தோறும் அளவியால் அளந்து, அதன்பின்னரே எப்பவளம் எங்கே என்று முடிவு செய்க. மின்கம்பியைச் செருகுமிடத்திற்குக் கீழே வளைந்து தொங்கவிடுதலும் வேண்டும்; கம்பிவழி வழியும் உவர்நீர் அவ்வளைவிற் சொட்டி விழும்; மின்வாயினுட் புகாது.

நம் நாஞ்சில் நாட்டு உழவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கொடிக்காலில் அகத்தியை நட்டு, அது நிழல் தரும் பருவம் பார்த்தன்றோ வெற்றிலைக் கொடியைப் படரவிடுகின்றனர்? கொடிக்கு வெயிலும் வேண்டும், வெயிலினின்று காப்பும் வேண்டும். பவளமும் அத்தகையதே. புதிதாய் வந்த பவளத்தைத் தொட்டியின் அடியில் வைத்து, விளக்கைப் பாதி வலிமையில் எரித்து, மூன்று நான்கு வாரங்களில் சிறிது சிறிதாய் உயர்த்துக. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். ஒளி குறைந்தால் பவளம் பழுப்பேறி மங்கும், மிகுந்தால் வெளிறும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும்.

வெளிறுதல் எத்துணைக் கொடிது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டா. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் அமைந்த மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கு மேற்பட்ட கற்பவள இனங்கள் உள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் அங்கே நீர் சூடேறியபோது, வெப்பமும் கடுவெயிலும் ஒருங்கு தாக்க, பவளங்கள் தம் பாசிகளை உமிழ்ந்து வெண்மையாயின, பல மடிந்தன. பாசி நீங்கிய பவளம் பசித்திருக்கும் பவளம். பசி நீடித்தால் இறப்பே முடிவு. கடலில் நிகழ்ந்த அத்தீங்கைப் பிழையான ஒரு விளக்கு தொட்டியினுள் ஒரே வாரத்தில் நிகழ்த்தவல்லது.

ஆயின், பவளத்தைத் தொட்டியில் வைத்தலே வேண்டுமோ என்று வினவுவார் உளர். அவ்வினா நேரியதே. அவ்வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதனால் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. 1986-ஆம் ஆண்டு முதல் அப்பகுதி கடற்சார் தேசியப் பூங்காவாக விளங்குகின்றது. 2001-ஆம் ஆண்டில் கற்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டன. ஆதலின், நம் கடற் பவளத்தைப் பெயர்த்தெடுத்துத் தொட்டியில் இடுதல் குற்றம். எவ்வளவு நல்ல விளக்கும் அக்குற்றத்தை மறைக்காது. அயல்நாட்டுக் கற்பவளமும் உலக உடன்படிக்கைக்கு உட்பட்டதாதலின், உரிய சீட்டின்றி வருவதைத் தொடுதல் தகாது. எனினும், முறையான அனுமதியுடன் காட்சிசாலைகளும் ஆராய்ச்சிக் கழகங்களும் பவளத் தொட்டி வைத்தலை யாம் வரவேற்கின்றோம். கடலில் மூழ்கிப் பார்க்க இயலாத பள்ளிச் சிறுவர்க்குப் பவளம் உயிருடையது என்று காட்ட அதனினும் நல்ல வழி யாதுளது?

மாணவ நண்பர்காள்! இவ்வேட்கை உங்களுள் எவரையேனும் பற்றுமாயின், பவளம் வாங்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள். இப்பவளம் முறைப்படி வந்ததா? இதற்கு வேண்டும் ஒளி எவ்வளவு? அவ்வொளி என் தொட்டியில் எவ்விடத்தில் விழுகின்றது? மூன்றற்கும் விடையுடையார் வளர்க்கட்டும். விடையில்லார் சிலகாலம் விளக்கையும் அளவியையும் மட்டும் வைத்துக் கற்கட்டும். அதுவரையிற் பவளம் தன் கடலிலேயே இருக்கட்டும். அங்கே அதற்கு ஒளி தரும் ஞாயிறு உளது.