குறடு யாருடைய பொறுப்பு?

திருவனந்தபுரத்தில் தம்பானூருக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் இடையே பவர் ஹவுஸ் சாலை என்றொரு வழி இருக்கிறது. 1929இல் திருவிதாங்கூரின் தலைநகருக்கு மின்விளக்கைக் கொண்டுவந்த அனல் மின்நிலையத்தின் பெயரை அது இன்றும் சுமக்கிறது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் 1940இல் இயங்கத் தொடங்கியது, மாநில மின்வாரியம் 1957இல் அமைந்தது ஆகியவை பிந்தைய வரலாறு. இந்த ஆண்டுகள் எல்லாம் ஏடுகளில் ஏறிவிட்டன. அந்த முதற்கம்பிகளை வெட்டிய குறட்டை வாங்கியது அரசா, தொழிலாளியா என்னும் கேள்வியை ஆய்வுலகம் அரிதாகவே கேட்டிருக்கிறது. அக்கேள்வி இன்றும் தீரவில்லை என்பதற்குப் பக்கத்துத் தெருவின் இரும்புக்கடைகளே போதிய சான்று.

சாலைக் கடைத்தெருவைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அத்தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு எழுதிய ஆ. மாதவன் அதனை இலக்கியமாக்கிவிட்டார். அங்கே கைக்கருவி விற்கும் எந்தக் கடையிலும் மின்பணியாளர் ஒருவர் கட்டிங் பிளையர் கேட்டால் பெரும்பாலும் மூன்று வகை மேசைமீது வைக்கப்படும். பெயரற்றது ஒன்று, கைப்பிடியில் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும். பெயர்பெற்ற இந்தியத் தயாரிப்பு ஒன்று. 1000 வோல்ட் எனப் பொறித்த, மின்காப்பிட்ட கைப்பிடியுடைய விலை கூடியது மூன்றாவது. மூன்றாவதைக் கையில் எடுத்துப் பார்த்துத் திரும்ப வைப்பவர் பலர். வாங்கிச் செல்பவர் சிலர்.

ஏன்? சமூக அறிவியல் மாணவர் உடனே சொல்லும் விடை வறுமை. டேவிட் காப்லோவிட்ஸ் 1963இலேயே, ஏழைகளே பொருள்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்று நூலெழுதி நிறுவினார். டெர்ரி பிராச்செட் 1993இல் வெளிவந்த தம் புதினத்தில், மலிவான காலணியை மீண்டும் மீண்டும் வாங்கும் ஏழை, நல்ல காலணியை ஒரேமுறை வாங்கும் செல்வரைவிட அதிகம் செலவழிக்கிறான் என்று ஒரு பாத்திரத்தை எண்ண வைத்தார். பொருளியல் வகுப்புகளில் இன்று அது கிட்டத்தட்ட ஒரு கோட்பாடாகவே புழங்குகிறது. இந்த விளக்கம் நயமானது. ஆனால் திருவனந்தபுரத்துக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை.

இந்திய ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரக் கையேட்டின்படி 2022–23இல் கேரளத்து ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி 852.5 ரூபாய், நாட்டின் சராசரி 393.3 ரூபாய். பயிற்சி பெற்ற மின்பணியாளரின் கூலி இதனினும் கூடுதலாகவே இருக்கும். நன்கு செய்யப்பட்ட இந்தியக் குறடு ஒன்றின் விலை இக்கூலியில் பாதிக்குள் அடங்கிவிடும். மின்காப்பிட்ட உள்நாட்டுக் குறடு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. ஜெர்மானியக் குறடு என்றால் மூன்று நான்கு நாள் கூலி ஆகலாம். ஆனால் அதுவரை போகவேண்டிய தேவையே இல்லை. ஜலந்தரிலும் நாசிக்கிலும் நல்ல கருவிகள் உருவாகின்றன. நாசிக்கின் தபாரியா ஸ்வீடன் நாட்டுத் தொழில்நுட்பத் துணையோடு தொடங்கிய நிறுவனம். நாட்டிலேயே உயர்ந்த கூலி தரும் மாநிலத்தில், கைக்கெட்டும் விலையில் நல்ல கருவி கிடைக்கும்போதும் மலிவானது விற்கிறது என்றால், காரணத்தைச் சட்டைப்பைக்கு வெளியிலும் தேடவேண்டும்.

முதற்காரணம் பணியிடத்திலேயே கிடக்கிறது. சுவர் வெட்டும் இயந்திரமும் துளைபோடும் டிரில்லும் ஒப்பந்தக்காரருடையவை. மாலையில் எண்ணிப் பார்த்துப் பூட்டப்படும். குறடு, திருப்புளி, டெஸ்டர், சுத்தியல் ஆகியவை தொழிலாளியுடையவை. அவற்றைப் பூட்டி வைக்க இடமில்லை. கட்டுமானம் நடக்கும் வீட்டில் குறடு என்பது பொதுச்சொத்து. கம்பி கட்டுபவர் இரவல் வாங்குவார். குழாய்ப் பணியாளர் நட்டு திருகுவார். யாரோ ஒருவர் அதையே சுத்தியலாக்கி ஆணி அடிப்பார். சிமெண்டுக் கலவைக்குள் விழுந்து சுவரோடு சுவராகப் போன கருவிகளும் உண்டு. இரவல் மறுப்பவர் கருமி என்னும் பெயரெடுப்பார். பணிக்கு அழைப்பதும் அழைக்காததும் பழகும் முறையைப் பொறுத்தே அமையும் இடத்தில் அப்பெயர் சிறிய இழப்பன்று. காக்க முடியாத பொருளில் முதலீடு செய்யாமலிருப்பது அறியாமையாகாது. அது கணக்கு.

இரண்டாவது காரணம் தகவல் சார்ந்தது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது என்றே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தியக் கடைத்தெருவில் வாங்கிய அரிசியிலிருந்து கல் பொறுக்கும் இல்லத்தரசியும் அதில் இடம்பெறுகிறார் என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. நல்லதையும் கெட்டதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் சராசரி விலைக்கு மேல் தர அஞ்சுகிறார்; அதனால் நல்ல பொருள் மெல்லச் சந்தையை விட்டு விலகுகிறது. பெயர்பெற்ற முத்திரைகளின் போலிகளும் உலவும் சந்தையில், கூடுதலாகக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் எஃகுக்குப் போகிறதா, அட்டைப்பெட்டிக்குப் போகிறதா என்று மின்பணியாளர் ஐயுறுவது இயல்பே.

செய்பவரும் பயன்படுத்துபவரும் நேருக்கு நேர் நின்ற காலத்தில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. 1857இல் சிகாகோவில் தந்திக் கம்பிப் பணியாளர் ஒருவர் உடைந்த குறட்டை மத்தியாஸ் கிளைன் என்னும் கொல்லரிடம் கொண்டுவந்தாராம். அவர் உடைந்த பாதியை மட்டும் புதிதாக அடித்துக் கொடுத்தார். பின்னர் மறுபாதியும் உடைய, அதனையும் அடித்துக் கொடுத்தார். அப்படிப் பிறந்ததே கிளைன் குறடு என்பது அந்நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை. இந்த உறவின் எச்சம் இங்கும் ஒரு கருவியில் மிஞ்சியிருக்கிறது. சுவரில் குழாய்வழி கொத்தும் உளி மழுங்கினால் இன்றும் அதைக் கொல்லரிடம் கொடுத்து உலையில் காய்ச்சித் தட்டிக் கூராக்கலாம். மழுங்கிய குறடு பழைய இரும்பாகத்தான் போகும்.

இவ்வளவுக்கும் தரத்தை அறியும் கலை தொழிலாளரிடம் இல்லாமலில்லை. அனுபவசாலி ஒருவர் குறடு வாங்கும் விதத்தைப் பார்த்தால் அது விளங்கும். முதலில் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்; வெட்டும் விளிம்புகள் நெடுகிலும் ஒட்டியிருக்கவேண்டும், ஒளிக்கீற்று தெரிந்தால் கீழே வைத்துவிடுவார். அடுத்து மூட்டு. இரு கால்களையும் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். ஆட்டம் இருக்கக்கூடாது, அதே வேளையில் ஒரு கையால் திறக்கமுடியாத இறுக்கமும் ஆகாது. பிறகு ஒற்றை இழைச் செம்பை வெட்டுவார், அல்லது மெல்லிய தாளைக் கத்தரிப்பார். நல்ல விளிம்பு நறுக்கும். கெட்டது மென்று துப்பும். திருப்புளியில் பார்ப்பது நுனியை. திருகின் பள்ளத்தில் அது நிறைந்து உட்காரவேண்டும், எஃகு கைப்பிடிக்குள் சுழலக்கூடாது. கடலோர நகரமாதலால் துருவும் கணக்கில் சேரும். இடவப்பாதி மழையில் நனைந்த பையில் இரண்டு நாள் கிடந்த குறட்டின் மூட்டு இறுகிப்போகும். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் இடுவதா, வேறொன்று வாங்குவதா என்பது அது எப்படிப்பட்ட குறடு என்பதைப் பொறுத்தது.

இந்த அறிவு கையிலிருந்து கைக்குப் போகிறது, ஏட்டுக்கு வருவதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பயிற்சி ஈராண்டு நடக்கிறது. கருவிகளின் பெயர், பயன், பராமரிப்பு எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் மாணவர் கையாள்வது நிலையத்தின் கருவியை. தம் பணத்தில், கடை மேசைமுன் நின்று ஒன்றை விலக்கி இன்னொன்றை எடுக்கும் முதல் நாளில் அவருக்குத் துணை நிற்பது கடைக்காரரின் சொல் மட்டுமே.

இது தொழிலாளியின் சொந்தச் செலவு, பிறர் தலையிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. மழுங்கிய குறடு கம்பியின் மேலுறையோடு சேர்த்துச் செம்பையும் கீறுகிறது. நுனி தேய்ந்த திருப்புளி திருகின் தலையைச் சிதைக்கிறது. இணைப்பு முழுதாக இறுகுவதில்லை. இறுகாத இணைப்பில் மின்தடை கூடும், வெப்பம் ஏறும், உறை கருகும். பணியாளர் கூலி பெற்றுப் போய்விடுவார். அவருடைய கருவியின் குறை சுவருக்குள் தங்கிவிடும். பின்னொரு நாள் குளிர்பதனி ஓடும்போது சுவிட்சுப் பலகையில் எழும் கருகல் வாடையை நுகர்பவர் வீட்டில் குடியிருப்பவர். கட்டைக்கு மேல் ஓடுபோல விலை உயர்ந்த சுவிட்சுகளைத் தேர்ந்தெடுத்துப் பதித்த வீட்டுக்காரர், அவற்றை இறுக்கிய திருப்புளி எத்தகையது என்று கேட்டதே இல்லை.

பணியாளரின் உயிரும் இதில் இருக்கிறது. மலிவுக் குறட்டின் கைப்பிடி உறை பிடிப்புக்கானது; மின்காப்புக்கானதன்று. வியர்வையில் வழுக்கிக் கழன்று வரும் உறையை நம்பி மின்னோட்டமுள்ள கம்பியைத் தொடுவது எத்துணை ஆபத்து என்பதை விளக்கவேண்டியதில்லை. ஐ.இ.சி. 60900 என்னும் பன்னாட்டுத் தரம் மாறுமின்னோட்டத்தில் 1000 வோல்ட் வரையிலும் நேர்மின்னோட்டத்தில் 1500 வோல்ட் வரையிலும் பயன்படும் கைக்கருவிகளுக்கானது. அதன்படி செய்யப்படும் கருவிகள் 10,000 வோல்ட்டில் சோதிக்கப்படுகின்றன. சிலவற்றில் உள்ளுறை ஒரு நிறமும் வெளியுறை வேறொரு நிறமுமாக இருக்கும். உள்நிறம் வெளியே தெரிந்தால் கருவியை ஒதுக்கிவிடலாம். எளிய, ஆனால் மகத்தான ஏற்பாடு.

நியான் டெஸ்டரின் கதை இன்னும் விந்தையானது. பைக்குள் இருப்பவற்றில் மிக மலிவானது அதுவே. அதில் பணியாளரின் உடலே மின்சுற்றின் பகுதியாகிறது. இடையில் ஒரு சிறு மின்தடைப்பொருள் மட்டும் நிற்கிறது. வெயிலில் அதன் ஒளி தெரியாது. ஒளிராதபோது மின்சாரம் இல்லை என்றும் உறுதியாகச் சொல்லமுடியாது. இன்வெர்ட்டரும் கூரைமீது சூரிய மின்தகடும் வந்துவிட்ட வீடுகளில், மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் ஏதோ ஒரு கம்பியில் மின்சாரம் இருக்கலாம். அங்கே முப்பது ரூபாய் டெஸ்டர் தரும் தைரியம் பொய்த்தைரியம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2021இல் நாடெங்கும் மின்தாக்குதலால் இறந்தோர் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களில் எல்லா வகையினரும் உண்டு; இறந்தவர் கையிலிருந்த கருவிக்கென்று அப்பட்டியலில் ஒரு பத்தி இல்லை.

சட்டம் இதனை அறியாததன்று. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளும் அவற்றுக்குப் பின் 2010இல் வந்த ஒழுங்குமுறைகளும், மின்தொடரில் பணிபுரியும் ஒவ்வொருவர்க்கும் கையுறை, ரப்பர் காலணி, ஏணி, டெஸ்டர் முதலிய கருவிகளும் சாதனங்களும் வழங்கப்படவேண்டும் என்றும், அவை நல்ல நிலையில் பேணப்படவேண்டும் என்றும் கூறின. வழங்கப்படவேண்டும், பேணப்படவேண்டும்: இரண்டும் செயப்பாட்டுவினை. மின்வாரிய ஊழியர்க்கு அவ்வினையின் எழுவாய் தெளிவு, வழங்கவேண்டியது வாரியம். இன்று ஒரு வீடு, நாளை இன்னொரு வீடு என்று போகும் நாட்கூலிப் பணியாளர்க்கு வழங்கவேண்டியவர் யார்? ஒப்பந்தக்காரரா, வீட்டுக்காரரா? எழுவாய் இல்லாத இடத்தில் பணியாளரே நின்றுகொள்கிறார்.

நலத்திட்டங்களின் நிலையும் இதுவே. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 15,000 ரூபாய் வரை கருவி வாங்க உதவுகிறது. பதினெட்டுத் தொழில்கள் அதில் உள்ளன. தச்சர், கொல்லர், தையலர் மட்டுமன்றிச் சுத்தியலும் கருவித்தொகுதியும் செய்பவர்கூட உண்டு. மின்பணியாளர் இல்லை. மரபுத்தொழில் என்னும் வரையறைக்குள் இத்தொழில் அடங்கவில்லை போலும். அத்திட்டத்தின் சாதிசார் பார்வை பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த விவாதம் தனியாகப் பேசத்தக்கது. இங்குக் குறிக்கவேண்டியது ஒன்றே: கருவி பொதுப்பணத்துக்குரிய செலவு என்பதை அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

அந்த ஏற்பை மின்பணிக்கு நீட்ட வழியும் எளிது. மின் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற மெக்கர் போன்ற சோதனைக் கருவிகளை வைத்திருக்கவேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள நடைமுறை. அப்பட்டியலிலேயே பணியாளர் ஒருவர்க்கு ஒரு மின்காப்பிட்ட குறடு, இரண்டு திருப்புளிகள், நம்பத்தக்க வோல்ட்டேஜ் சோதனைக் கருவி ஒன்று எனச் சேர்த்துவிட்டால், டிரில்லைப் பூட்டும் பெட்டியிலேயே இவையும் மாலையில் எண்ணிப் பூட்டப்படும். எண்ணப்படும் கருவி இரவல் போனாலும் திரும்பிவரும். சுத்தியலும் உளியும் எப்போதும்போல் தொழிலாளியுடையனவாகவே இருக்கலாம். அவற்றில் மலிவானது வாங்கினால் கை வலிக்கும், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் உயர்ந்ததையே வாங்கவேண்டும் என்று பணியாளர்க்கு உபதேசிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

உரிமம் பெறாத சிறு பணிகளுக்கு இது எட்டாது என்பது உண்மை. மின்விசிறி மாட்டவும் பிளக் மாற்றவும் தனியாக வரும் பணியாளர்க்கு ஒப்பந்தக்காரர் என்று ஒருவர் இல்லை. அங்கே வீட்டுக்காரர் கேட்கும் மதிப்பீட்டுத் தாளில் கம்பி, குழாய், சுவிட்சு, கூலி என்று எழுதப்படும் வரிகளுக்குக் கீழே கருவித் தேய்மானம் என்று இன்னொரு வரி எழுதலாம். நூறு ரூபாயாகவே இருக்கட்டும். வாடகைக் காருக்கு டயர் தேய்மானத்தையும் சேர்த்துக் கட்டணம் கொடுக்கும் நகரத்துக்கு அது புரியாத கணக்கன்று. பேரம் பேசுபவர் முதலில் அடிக்கப்போவது அந்த வரியைத்தான் என்றாலும், அடிப்பதற்காவது அது தாளில் இருக்கவேண்டும்.