தேய்க்கிறவனுக்குக் கூலி எங்கே சாமி?

"ஜாத்திரை வரப்போகுதுண்ணா" என்று ஊரிலிருந்து வாட்ஸப்பில் பட்ஜெட் வந்திருக்கிறது. கிரீடம், புஜகீர்த்தி, மார்புக் கவசம், கதை, சூலம் எல்லாமே இந்த முறை பிளாஸ்டிக்கில் புதுசு, எல்லாம் 'குரோம் ஃபினிஷ்'. பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு, ஸ்பிரே டப்பாவுக்கு இவ்வளவு, டிஜே செட்டுக்கு இவ்வளவு, பேனருக்கு இவ்வளவு. மேலிருந்து கீழ்வரை தேடினேன். தேய்ப்புக் கூலி என்று ஒரு வரி கிடையாது. கேட்டதற்கு வந்த பதில்: "அதெல்லாம் பசங்க சும்மா தேச்சிடுவாங்கண்ணா."

அந்த 'சும்மா'வோடுதான் எனக்குச் சண்டை.

டிட்ராய்ட்டில் உட்கார்ந்துகொண்டு சித்தூருக்கு உபதேசமா என்று ஆட்டோ அனுப்பக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். அடியேன் சோறு தின்பதே கார் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பளபளப்பு ஏற்றும் பிழைப்பில்தான். :-)

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. திருப்பதியில் மே மாதம் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நடக்கும். கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கச்சி என்பதால் தேவஸ்தானத்திலிருந்து சீர் வரும். அக்கிரமக்காரப் பாளையக்காரனைத் தேடிப்பிடிக்க அம்மன் நாளுக்கொரு வேஷம் போட்டாள் என்பது கதை. அதனால் ஊரே வேஷம் கட்டும், ஆம்பளைங்க புடவை கட்டுவார்கள். பைராகி வேஷத்துக்கு வெள்ளை மண், பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி. அவ்வளவுதான் மேக்கப். சித்தூர்ப் பக்கம் வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. அங்கேதான் கிரீடமும் புஜகீர்த்தியும். அந்தக் காலத்தில் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, ஜிகினாவும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருப்பார்கள்.

"பிளாஸ்டிக் வந்து கலையே நாசமாப் போச்சு" என்று உச்சுக்கொட்டும் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். விடியவிடியத் தலையில் கட்டையைச் சுமப்பவனுக்கு எடை குறைந்தால் நல்லதுதானே. ஆனால் அந்தப் பழைய ஆட்கள் ஏன் கண்ணாடித் துண்டு ஒட்டினார்கள் என்று யோசித்ததுண்டா? கண்ணாடி தன் வழவழப்பைத் தானே கொண்டுவருகிறது. அடியில் மரம் கரடுமுரடாக இருந்தாலும் கேள்வியில்லை. குரோம் அப்படி அல்ல. அது அடியில் இருப்பதை அப்படியே காட்டிக்கொடுக்கிற ஜாதி.

கணக்குச் சொல்கிறேன். தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். வேக்குவம் மெட்டலைசிங்கில் ஏறும் அலுமினியப் படலம் 0.1 மைக்ரான் கூடத் தேறாது. டப்பா ஸ்பிரேயும் மெல்லிசுதான். 220 நம்பர் உப்புத்தாளின் ஒரு மணல் சுமார் 68 மைக்ரான், 400 நம்பரில் 35, 2000-ல் 10. 3டி பிரிண்டரில் எடுத்த கவசத்தில் தெரியும் வரிகள் பொதுவாக 200 மைக்ரான். இந்தப் படலம் அந்தக் கீறலையெல்லாம் மறைக்குமாம்! மேட்டு நிலத்தில் வேட்டியை விரித்தால் மேடு மறைந்துவிடுமா?

ஆக, வேலை முழுக்க ஸ்பிரேவுக்கு முன்னால்தான். முதலில் சோப்புத் தண்ணியில் கழுவணும், இல்லாவிட்டால் அச்சிலிருந்து கழற்றப் பூசிய மெழுகு எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு வரும். பிறகு 220, 320, 400. குழிக்குப் பட்டி. மறுபடி தேய். பிரைமர் அடி. 600, அப்புறம் வாட்டர் பேப்பரில் 800, 1000. அதன் மேல் பளபளக்கும் கறுப்பு. அது நாள் கணக்கில் நன்றாகக் காயணும். காயாமல் மேலே குரோம் அடித்தால் ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் கறுப்பைக் கடிக்கும். கிடைப்பது கண்ணாடி அல்ல, எண்ணெய் இறங்கிய பழைய அலுமினியச் சட்டி. இதில் மே மாத வெயில் வேறு, அடிக்கிற ஸ்பிரே பரப்பைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து மணல் மாதிரி உட்காரும். இத்தனையையும் முதல் நாள் ராத்திரி முடிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் "டப்பா டூப்ளிகேட்டு" என்று திட்டுவது நம்ம கமிட்டி வழக்கம்.

ஒரு மார்புக் கவசத்துக்கு, மூலைமுடுக்கு, பூவேலை எல்லாம் சேர்த்து, என் கணக்கில் ஒரு ஆளின் இரண்டு முழு நாள். இதற்குச் 'சும்மா'.

நேரம் கூடப் போகட்டும், நெஞ்சு? ஃபைபர் கண்ணாடியைத் தேய்த்தால் பறக்கும் தூள் தோலில் பட்டால் அரிப்பு, உள்ளே போனால் இருமல். கெட்டிப்படுத்தும் திரவம் கலந்த 2கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கும், ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சரக்கு. வெள்ளி மினுக்கு எவ்வளவு சாதுவானது என்பதற்கு ஹாலிவுட்டிலேயே சாட்சி உண்டு. 1939-ல் வந்த 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் தகர மனிதனாக முதலில் நடிக்க வந்தவர் பட்டி எப்சன் (பெயரே பட்டி, நான் என்ன செய்ய!). முகத்தில் பூசிய அலுமினியத் தூள் மூச்சோடு உள்ளே போய், 1938-ல் ஆஸ்பத்திரியில் படுத்தார். படத்தில் அப்புறம் நடித்தது வேறு ஆள். நம்ம பசங்க மூக்கில் கட்டுவது கைக்குட்டை, அதுவும் பாதி பேர். பொழுதுபோக்குக்காக சினிமாக் கவசம் செய்யும் இந்த ஊர் ஆட்கள்கூட கேஸ் மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் ஸ்பிரேயைத் தொடுகிறார்கள்.

"அப்போ ஒரிஜினல் குரோம் முலாமே போட்டுடலாமே" என்று ஒரு புத்திசாலி கேட்டார். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் போடலாம்தான். குரோமிக் அமிலத்தில் ஊறவைத்து, நிக்கல், செம்பு எல்லாம் ஏற்றி. அதில் வரும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். அலங்கார முலாமில் அதை 2027 முதல் நிறுத்த 2023-லேயே கலிஃபோர்னியா விதி போட்டுவிட்டது. அவ்வளவு தூரம் எதற்கு, சித்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ராணிப்பேட்டை. குரோமிய உப்பு தயாரித்து 1990-களில் மூடிப்போன ஆலையின் கழிவு அங்கே லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை ஊரறிந்தது. கிரீடம் மினுக்க அந்த வழி வேண்டாம்.

கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் வரும்: "அம்மனுக்குச் செய்யற சேவைக்குக் கூலியாண்ணா?" ஏன் தம்பி, டிஜேக்காரர் சேவை செய்ய மாட்டாரா? பேனர் அடிக்கிறவருக்கு பக்தி கிடையாதா? ஜெனரேட்டருக்கு டீசல் சேவையில் வருமா? பில் கொடுக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் காசு, டிங்கரிங் ஷாப்பில் எடுபிடியாக இருக்கும் பையனுக்கு மட்டும் புண்ணியம். புண்ணியத்தில் பங்கு எல்லாருக்கும் உண்டென்றால் தூசியிலும் பங்கு போடுங்கள். கமிட்டித் தலைவர் ஒரு புஜகீர்த்தியைக் கையிலெடுத்து 400-லிருந்து 1000 வரை தேய்த்துக் காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் கோஷ்டியும் கொஞ்சம் யோசிக்கணும். போட்டோவில் பளபளவென்று தெரியணும் என்று 'குரோம்தான் வேணும்' என்று அடம்பிடிப்பது பெரும்பாலும் நாம்தான்.

கமிட்டிக்கு எழுதிவிட்டேன். தேய்ப்பதற்கு ஆள் கூலி, இரண்டு வாளி (தண்ணியில் நனைத்துத் தேய்த்தால் பாதித் தூசி பறக்கவே பறக்காது), தேய்க்க என்95 மாஸ்க், ஸ்பிரே அடிப்பவருக்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க், காய்வதற்கு ஒரு வாரம். இவையெல்லாம் பட்ஜெட்டில் ஏறினால் என் பங்கு உடனே வரும். கட்டுப்படி ஆகாதென்றால் குரோமை விட்டுவிட்டு ஜிகினாவும் கண்ணாடியும் ஒட்டுங்கள், அதற்கும் பணம் தருகிறேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலேயே ஜொலித்த சமாச்சாரம், உங்கள் எல்இடியில் ஜொலிக்காதா என்ன.

இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.