திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்



அந்த நாளில் ஊரில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தால் என்ன நடக்கும் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தந்தி ஆங்கிலத்தில் இருக்கும். படலையில் நின்று கையெழுத்து வைத்து வாங்கியவருக்கு அது நல்ல செய்தியா, துக்கச் செய்தியா என்று தெரியாது. ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தேடி வாத்தியார் வீட்டுக்கு ஓட வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துச் சொல்லும்வரை வீட்டில் ஒருவருக்கும் மூச்சு வராது.

1980களில் இலண்டன் வந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்கள். ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தால், அதில் ஒருவர் எல்லோருக்கும் போம் நிரப்புகிறவராக இருப்பார். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு வந்தாலும், பேனையோடு ஒருவர் அவருக்காகக் காத்திருப்பார். அந்த மனிதர்களுக்கு ஒருவரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இந்த நாட்டில் காலூன்றியது அவர்களால்தான்.

இன்று வால்தம்ஸ்டோவில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்குத் தந்தி இல்லை. தபாலில் வரும் போமும் குறைந்துவிட்டது. எல்லாம் கைத்தொலைபேசிக்குள்ளும் கணனிக்குள்ளும் போய்விட்டன. 2013 இல் தொடங்கிய யூனிவேர்சல் கிரெடிற் உதவிப் பணத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. டொக்டரிடம் நேரம் எடுப்பதும், பிள்ளையின் பாடசாலைச் செய்தியைப் பார்ப்பதும், கவுன்சிலில் வீட்டுக்குப் பதிவதும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால், தெரிந்த ஒருவரைத் தேடி ஓடுவது மட்டும் நிற்கவில்லை. அப்படி ஓடி வருகிறவர்களுக்கு உதவுவது எப்படி, உதவி பெறுவது எப்படி என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தோம். அதற்கு ஒரு காரணமும் உண்டு. நாங்கள் ஒரு பிழை விட்டோம்.

கையில் பிடிக்க முடியாத விசா

முன்பு வதிவிட உரிமை கிடைத்தால் பி.ஆர்.பி. என்ற ஒரு சிறிய அட்டை தருவார்கள். படம் இருக்கும், திகதி இருக்கும். 2008 இல் வரத் தொடங்கிய அந்த வகை அட்டைகளை நம்மவர்கள் நகையைப் போல அலுமாரிக்குள் வைத்துக் காத்தார்கள். 2024 ஆம் ஆண்டின் இறுதியோடு அந்தக் காலம் முடிந்தது. பெரும்பாலான அட்டைகளில் காலாவதித் திகதியாக 31.12.2024 என்றுதான் அச்சடிக்கப்பட்டிருந்தது. இப்போது அதன் இடத்தில் இருப்பது ஈ-விசா. அது கையில் பிடிக்கிற பொருள் அல்ல. உள்துறை அமைச்சின் இணையக் கணக்கில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் ஒரு பதிவு.

அந்தக் கணக்கைத் திறக்கும் முறையை ஒருமுறை விளங்கிக்கொண்டால் பயம் போய்விடும். உங்கள் ஆவணத்தின் இலக்கத்தையும் பிறந்த திகதியையும் கொடுக்க வேண்டும். உடனே ஒரு இரகசிய இலக்கம் வரும். அது நீங்கள் பதிந்து வைத்த தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ மட்டுமே வரும். அதைக் கொடுத்தால்தான் கதவு திறக்கும்.

வேலை கொடுப்பவரோ வீட்டுச் சொந்தக்காரரோ உங்கள் உரிமையைப் பார்க்க வேண்டுமென்றால், உள்ளே போய் ஒரு குறியீடு எடுத்துக் கொடுக்க வேண்டும். ‘ஷெயர் கோட்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எழுத்தும் இலக்கமுமாக ஒன்பது இருக்கும். வேலைக்கு எடுத்தால் ‘டபிள்யூ’ என்ற எழுத்திலும், வாடகை வீட்டுக்கு எடுத்தால் ‘ஆர்’ என்ற எழுத்திலும் தொடங்கும். வேலைக்கு எடுத்ததை வீட்டுக்குக் கொடுக்க முடியாது. 90 நாட்கள் செல்லுபடியாகும். முடிந்தால் இன்னொன்று எடுக்கலாம். இதற்கெல்லாம் கட்டணம் ஒரு பென்ஸ்கூட இல்லை. ஈ-விசாக் கணக்குத் திறக்க அரசாங்கக் கட்டணம் என்று யாரும் காசு கேட்டால், அது பொய்.

நாங்கள் விட்ட பிழை

ஹோ வீதிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்டபத்தில், பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருக்கும் இரண்டு மணித்தியாலமும் நாங்கள் சிலர் இந்த உதவியைச் செய்து வருகிறோம். எங்களில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளும் உண்டு, ஓய்வு பெற்றவர்களும் உண்டு. அட்டைகள் முடிகிற அந்த மார்கழி மாதத்தில் வாசல்வரை வரிசை நின்றது. ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு வேகமாகச் செய்தோம். வேகமாகச் செய்வதே நல்ல உதவி என்றும் நினைத்தோம்.

அந்த வரிசையில் ஒரு அண்ணை வந்தார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்கு மின்னஞ்சல் இல்லை. தொலைபேசியில் காசும் முடிந்துவிட்டது. “தம்பி, இப்போதைக்கு உம்முடைய நம்பரைப் போடும்” என்றார். எங்கள் பிள்ளையும் நல்ல மனதோடு தன் இலக்கத்தைப் போட்டான். அந்த இடத்திலேயே ஒரு மின்னஞ்சலும் திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழ்திக் கொடுத்தோம். எல்லாம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. அண்ணை நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து அவருக்கு ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை சரிவந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஷெயர் கோட் கொண்டுவரச் சொன்னார்கள். கணக்கைத் திறக்கப் பார்த்தார். இரகசிய இலக்கம் எங்கள் பிள்ளையின் பழைய நம்பருக்குப் போனது. அவன் வேறு நகரத்துக்குப் படிக்கப் போய் நம்பரையும் மாற்றிவிட்டான். கடவுச்சொல் எழுதிய துண்டு எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கணக்கை மீட்டெடுக்கச் சில கிழமைகள் ஆயின. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அண்ணை எங்களைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். “உதவி செய்ய வந்தனீங்கள், உங்களிலை குறை சொல்ல மாட்டன். ஆனால் என்ரை பேரிலை இருக்கிற விசாவுக்குத் திறப்பு உங்கடை பொக்கெற்றிலை கிடந்திருக்கு” என்றார். அன்று மண்டபத்தில் ஒருவரும் கதைக்கவில்லை.

தந்தியை இன்னொருவர் வாசித்துச் சொல்லலாம். வாசித்த பின் தந்தி உங்கள் கையில்தான் இருக்கும். கணனி அலுவல் அப்படியல்ல. அதைச் செய்து தருகிறவர், தெரியாமலே அதன் திறப்பைத் தன்னோடு கொண்டுபோய்விடலாம். எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் அது உதவியாக முடியாது.

முதலில் எது, பிறகு எது

அதற்குப் பிறகு நாங்கள் ஒழுங்கை மாற்றினோம். இப்போது யார் வந்தாலும் ஈ-விசாவைக் கடைசியில்தான் தொடுவோம்.

முதலில், அவருடைய சொந்தத் தொலைபேசியில் சொந்த இலக்கம். காசில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. குட் திங்ஸ் பவுண்டேசன் என்ற தொண்டு நிறுவனமும் வேர்ஜின் மீடியா ஓ2 நிறுவனமும் சேர்ந்து 2021 இல் தேசிய தரவு வங்கி என்ற ஒன்றைத் தொடங்கின. வேறு தொலைபேசி நிறுவனங்களும் பின்னர் சேர்ந்துகொண்டன. உணவு வங்கியில் அரிசி, மா கொடுப்பது போல, இங்கே இணைய வசதியோடு சிம் அட்டை இலவசமாகத் தருவார்கள். 18 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த வீட்டாருக்கு உரியது. அந்தந்த ஊரில் பதிந்த தொண்டு அமைப்புகள் மூலமாகக் கொடுக்கிறார்கள். இதே நிறுவனம், கம்பனிகள் கழிக்கும் கணனிகளை வாங்கித் துடைத்துத் திருத்தி, இல்லாதவர்களுக்குச் சேர்ப்பிக்கும் வேலையையும் செய்கிறது. யூனிவேர்சல் கிரெடிற் எடுப்பவர்களுக்குப் பல இணையக் கம்பனிகள் குறைந்த மாதக் கட்டணம் வைத்திருக்கின்றன. கேட்டால்தான் தருவார்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, அவர் தானே தட்டித் திறக்கும் மின்னஞ்சல். ஒரு மணித்தியாலம் பிடித்தாலும் பரவாயில்லை. எங்கள் விரல் அவருடைய தொலைபேசியில் படக்கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். பக்கத்தில் இருந்து காட்டுவோம், அவர் தட்டுவார். கடவுச்சொல்லை அவர் தன் கைப்பட ஒரு கொப்பியில் எழுதி வீட்டிலே பத்திரமாக வைக்க வேண்டும். நாங்கள் அதைப் பார்ப்பதுமில்லை.

மூன்றாவதுதான் ஈ-விசாக் கணக்கு. அதிலே அவருடைய தொலைபேசி, அவருடைய மின்னஞ்சல் மட்டும். பிறகு இலக்கம் மாறினால் பழைய சிம்மை எறிவதற்கு முன் கணக்கில் புதியதைப் பதிய வேண்டும். பிரயாணப் பத்திரம் புதிதாக எடுத்தால் அதன் இலக்கத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் அலைய நேரிடும்.

கடைசியாக ஒரு பரீட்சை. அடுத்த சனிக்கிழமை வந்து, யாருடைய உதவியுமின்றித் தானே ஒரு ஷெயர் கோட் எடுத்துக் காட்ட வேண்டும். எடுத்துக் காட்டினால்தான் எங்கள் வேலை முடிந்தது என்று கணக்கு.

வீட்டில் கணனி இல்லாதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. 2000 ஆண்டுகளின் தொடக்கத்தில் லொத்தர் நிதியைக் கொண்டு இந்த நாட்டின் பொது நூலகங்களுக்கெல்லாம் இணையத்தோடு கணனிகள் போட்டார்கள். நம்முடைய சந்தை கூடும் ஹை ஸ்ரீற்றிலேயே வால்தம்ஸ்டோ நூலகம் உண்டு. மரக்கறி வாங்கப் போகும்போது உள்ளே போய் உறுப்பினராகிவிடுங்கள். ஆனால் பொதுக் கணனியில் அலுவல் முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் கணனியைக் காட்டித் தருவோமே தவிர, விசா விடயத்தில் ஆலோசனை சொல்வதில்லை. 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதி பெற்றவர்களும் சட்டத்தரணிகளும்தான் குடிவரவு ஆலோசனை சொல்லலாம். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்கிறவரிடம் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிள்ளைகளின் தோளில் ஏற்றாதீர்கள்

பல வீடுகளில் இந்த அலுவல்கள் எல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகின்றன. ஆங்கிலம் தெரியும், தொலைபேசி தெரியும் என்பதால் தாயின் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் தகப்பனின் வங்கிக் கணக்கையும் பிள்ளையே பார்க்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் தாய்க்கு என்ன வருத்தம் என்பதை முதலில் அறிந்து, அதைத் தாய்க்குச் சொல்ல வேண்டிய பாரம் அந்தப் பிஞ்சுக்குத் தேவையா? ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சின்ன விடயத்தைப் பிள்ளையிடம் கேட்டுப் பழகுங்கள். பெரிய விடயத்தை நீங்களே திறந்து பாருங்கள்.

மல்லிகை தேடிய அம்மா

படிவம் நிரப்ப மட்டும் என்றால் யாருக்குத்தான் கணனி பிடிக்கும்? எங்களிடம் வரும் ஒரு அம்மா ஊரில் ஆசிரியையாக இருந்தவர். தொலைபேசியைத் தொடவே மாட்டேன் என்று நின்றார். ஒருநாள் நூலகம் திட்டத்தைக் காட்டினோம். 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாகின என்பது நாம் அறிந்ததே. 2005 இல் நம்மவர் சிலர் தொண்டாகத் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றி வருகிறது. யாரும் காசு கொடுக்காமல் வாசிக்கலாம். அதற்கு முன்பே, 1998 இல், சுவிற்சர்லாந்தில் வாழும் கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்குமுள்ள தமிழர்கள் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள்.

அம்மா, டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’ இருக்கிறதா என்று கேட்டார். 1966 இல் தொடங்கிய சஞ்சிகை அல்லவா? பழைய இதழ் ஒன்று திறந்தது. தொலைபேசியை எங்களிடமிருந்து மெல்ல வாங்கினார். எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டார். அடுத்த பக்கத்துக்குத் தானே போனார். மூன்றாம் கிழமை ஈ-விசாக் கணக்கையும் தானே திறந்தார். ‘இவ்வளவுதானா?’ என்பதுதான் அவர் சொன்னது.

இரண்டு மணித்தியாலம்

வாசகர்களே, நம்மிடையே கணனித் துறையில் வேலை செய்பவர்களுக்குக் குறைவில்லை. அலுமாரிக்குள் தூங்கும் பழைய மடிக்கணனிகளுக்கும் குறைவில்லை. 2020 இல் பாடசாலைகள் பூட்டியபோது, ஒரே தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் படித்த வீடுகள் நம்மூரிலும் இருந்தன என்பதை மறக்க வேண்டாம். கிழமையில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்க முடிந்தவர்கள் முன்வாருங்கள். பெரிய அறிவு தேவையில்லை. பொறுமைதான் தேவை.

புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சொல்வது இதுதான். இன்றிரவே வீட்டில் இருந்து பாருங்கள். உங்கள் ஈ-விசாக் கணக்கில் பதிந்திருப்பது யாருடைய தொலைபேசி? யாருடைய மின்னஞ்சல்? அது மச்சானுடையது, பக்கத்து வீட்டாருடையது, காசு வாங்கிச் செய்தவருடையது என்றால், அவர் நம்பரை மாற்றுவதற்கு முன்னரே உங்களுடையதைப் பதிந்துவிடுங்கள். செய்யத் தெரியாவிட்டால் சனிக்கிழமை வாருங்கள். செய்து தர மாட்டோம். பக்கத்தில் இருந்து காட்டித் தருவோம்.

அந்த அண்ணைக்குப் பின்னர் வேறு வேலை கிடைத்துவிட்டது. இப்போது சனிக்கிழமைகளில் அவரும் வருகிறார். புதிதாக வருகிறவரின் பக்கத்தில், கைகளை மடித்துக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பார். “நீங்களே அமத்துங்கோ” என்பார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.