விஞ்ஞானியின் வம்பு

ஜேம்ஸ் வாட்ஸன் 2025 நவம்பரில், 97 வயதில் இறந்தபோது என் எழுத்தாள நண்பர் ஒருவர் அவருக்குத் தியாகிப் பட்டம் சூட்டினார். உண்மையைச் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டவராம். கலிலியோவின் பெயரும் வந்தது. (வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.) நண்பர், கவிதையில் ஒரு சொல் பிசகினால் பொறுக்காதவர். அப்படிப்பட்டவர், வாட்ஸன் உபயோகித்த சொற்களை மட்டும் படிக்காமலே விட்டுவிட்டார் என்பதுதான் என் புகார்.

2007 அக்டோபரில் லண்டன் ஸண்டே டைம்ஸ் வெளியிட்ட பேட்டியில் வாட்ஸன் சொன்னதன் சாரம் இது: ஆப்பிரிக்காவின் எதிர்காலத்தை நினைத்தால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நம் சமூகக் கொள்கைகள் எல்லாம் அவர்கள் அறிவும் நம் அறிவும் ஒன்று என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்டவை. சோதனைகளோ அப்படிச் சொல்லவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு தோரணை மிஞ்சியிருக்கும். எல்லோரும் சமம் என்று நம்ப ஆசைதான், ஆனால் கறுப்பர்களை வைத்து வேலை வாங்க வேண்டியிருப்பவர்களுக்கு அது உண்மையில்லை என்று தெரியும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

வரிசையைப் பாருங்கள். முதலில் ஒரு மனச்சோர்வு. அடுத்து 'சோதனைகள்'. எந்தச் சோதனை, யார் செய்தது, எப்போது என்ற பேச்சே கிடையாது. கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் முதலாளி. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், தன் கூற்றை ஸ்தாபிக்கக் கடைசியாகப் போய் நிற்கிற இடம் எஜமானர்கள் வேலையாட்களைப் பற்றிப் பேசிக்கொள்ளும் திண்ணை. இதை வம்பு என்பதுதானே நம் வழக்கம்? அவருடைய சொந்தத் துறை சொல்வது வேறு. மனித இனத்தின் மரபணு வேற்றுமைகளில் மிகுதியானவை ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இருக்கின்றன. 'ஆப்பிரிக்கர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதற்கு மரபணுவியலில் அதைவிடப் பொருத்தமற்ற ஜனத்தொகை உலகில் இல்லை. வாட்ஸனுக்கா இது தெரியாது?

அவருடைய 'தி டபிள் ஹீலிக்ஸ்' 1968-ல் வெளிவந்தது. நான் ரசித்துப் படித்த புத்தகம். இப்போதும் அதை நல்ல உரைநடை என்றே சொல்வேன். ஆனால் அதன் சுவை முழுவதும் வம்பின் சுவை. ரோஸலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்ரே படம் அவருக்குத் தெரியாமலேயே வாட்ஸனுக்குக் காட்டப்பட்டது. அந்தப் பெண்ணுக்குப் புத்தகத்தில் 'ரோஸி' என்று ஒரு பெயர். உதட்டுச் சாயம், உடை பற்றியெல்லாம் அபிப்பிராயங்கள். புத்தகம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, 1958-ல், அவர் இறந்துபோயிருந்தார். தன் ஆரம்ப அபிப்பிராயங்கள் பல தவறானவை என்று வாட்ஸன் கடைசியில் ஒரு பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். அதாவது அவமதிப்பு புத்தகம் முழுக்க, திருத்தம் பின்கட்டில். 2007 பேட்டியில் கேட்பதும் அதே குரல்தான். குரலை அடையாளம் காண்பது விமர்சகனுடைய வேலை, விஞ்ஞானியுடையது அல்ல. நாம் அதைக்கூடச் செய்யவில்லை.

வில்லியம் ஷாக்லி விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ட்ரான்ஸிஸ்டருக்காக 1956-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கர்ப்பத்தடை அறுவை செய்துகொள்பவர்களுக்கு, ஐ.க்யூ. நூறுக்குக் கீழே எத்தனை புள்ளி குறைகிறதோ புள்ளிக்கு ஆயிரம் டாலர் வீதம் தரலாம் என்று யோசனை சொன்னார். இதை நாஜிகளோடு ஒப்பிட்ட பத்திரிகை மீது பன்னிரண்டரை லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். 1984-ல் அட்லாண்டா ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்லி, ஒரு டாலர் கொடுத்தார்கள். அந்த ஜூரிகளுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

'சோதனைகள்' என்று இவர்கள் கைகாட்டும் திசையில் கொஞ்சம் நடந்து போனால் ஸர் ஸிரில் பர்ட் வருவார். இங்கிலாந்தில் பதினோரு வயதுக் குழந்தைகளைப் பரீட்சை வைத்துப் பிரித்த ஏற்பாட்டுக்குப் பின்னிருந்த சிந்தனையில் பங்குள்ளவர். அறிவு பெரும்பாலும் பிறவியில் வருவது என்று காட்ட, பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்தார். 1955-ல் 21 ஜோடி, ஒற்றுமை 0.771. 1958-ல் முப்பதுக்கு மேல், 0.771. 1966-ல் 53 ஜோடி, அப்போதும் 0.771. நான் வங்கியில் குமாஸ்தா. பற்றும் வரவும் நடந்துகொண்டே இருக்கும் ஒரு கணக்கில் மூன்று தேதிகளிலும் இருப்பு ஒரு பைசா மாறாமல் நின்றால், அதிகாரியிடம் போகுமுன் நானே பேரேட்டைத் திருப்பிப் பார்ப்பேன். அது என் புத்திசாலித்தனம் இல்லை, பழக்கம். உளவியல் அறிஞர்கள் பார்க்கவில்லை. கறுப்பர் வெள்ளையர் ஐ.க்யூ. வித்தியாசத்தில் மரபுக்குப் பங்கிருக்கலாம் என்று 1969-ல் விவாதத்தைக் கிளப்பிய ஆர்தர் ஜென்ஸனின் கட்டுரை, பர்ட்டின் எண்களையும் எடுத்துக்கொண்டுதான் நடந்தது. லியோன் கேமின் 1974-ல் அச்சில் சுட்டிக்காட்டும்வரை அந்த எண் கௌரவமாக உலவியது. பர்ட்டுக்கு உதவியதாகச் சொல்லப்பட்ட இரண்டு பெண்களை 1976-ல் ஒரு பத்திரிகையாளர் தேடினார், அகப்படவில்லை. அந்தச் செய்தியை வெளியிட்டதும் ஸண்டே டைம்ஸ்தான். மோசடியா, கவனக்குறைவா என்ற தகராறு அதன் பிறகும் நடந்தது. பர்ட்டுக்காக வாதாடிப் புத்தகங்களே வந்தன. எனக்கு அந்தத் தகராறு முக்கியமில்லை. அத்தனை வருஷம் ஏன் ஒருவரும் கூட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் கேள்வி. முடிவு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. வசதியான கணக்கை யார் தணிக்கை செய்வார்கள்?

"ஒருவேளை உண்மையாயிருந்தால்?" என்கிறார் நண்பர். நல்லது, பார்க்கலாம். ஜேம்ஸ் ஃப்ளின் 1987-ல் 14 நாடுகளின் மதிப்பெண்களைத் தொகுத்தார். ஒரே தலைமுறையில் ஐ.க்யூ. 5 முதல் 25 புள்ளிவரை ஏறியிருந்தது. அமெரிக்கக் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையே இவர்கள் காட்டிவந்த வித்தியாசம் சுமார் 15 புள்ளி. ஒரு தலைமுறையில் மரபணு மாறிவிடாது. மாறியது பள்ளிக்கூடம், சாப்பாடு, பழக்கம், இன்னும் என்னென்னவோ. பேரனோடு ஒப்பிட்டால் பாட்டனார் மந்தபுத்தி என்று வரும் அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்துக்கே ஜாதகம் எழுதுகிறார்கள். பிறப்பைப் பார்த்து அறிவைச் சொல்லும் ஜோஸ்யம் நமக்குப் பழக்கமானதுதான். அதனால்தானோ என்னவோ, நோபல் பரிசு பெற்ற வாயிலிருந்து அது வந்ததும் நண்பருக்கு இத்தனை பரவசம்.

தண்டனை விஷயம். வாட்ஸன் தன் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பதவியை இழந்தது வாஸ்தவம். 2014-ல் நோபல் பதக்கத்தை ஏலத்தில் விற்றார். நாற்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய ரஷ்யக் கோடீஸ்வரர் அதை அவரிடமே திருப்பித் தந்தார். கலிலியோவுக்கு இது நடந்ததாக நான் படித்ததில்லை. அதோடு, 2007-ல் கண்டனம் எழுந்தவுடன் வாட்ஸன் மன்னிப்புக் கேட்டார்: எப்படிச் சொன்னேன் என்றே புரியவில்லை, இதற்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது என்றார். 2019-ல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிப் படத்தில், தன் கருத்து மாறவே இல்லை என்றார். ஆய்வுக்கூடம் மிச்சமிருந்த கௌரவப் பட்டங்களையும் அப்போது பறித்துக்கொண்டது. இந்த இரண்டு வாக்கியங்களில் எதை நண்பர் சத்தியம் என்கிறார், எதைத் தைரியம் என்கிறார்? கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். கேட்டுவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.