பார்க்காமல் வாங்காதீர்கள்!

கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பிப் பார்க்கிறோம். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். சேலை வாங்கும் பெண்கள் முந்தானையை விரித்துப் பார்க்கிறார்கள்.

ஆனால், பல லட்சம் கொடுத்து வாங்கும் நிலத்தைச் சிலர் பார்ப்பதே இல்லை! கைப்பேசியில் நாலு படம். தரகர் சொன்ன நாலு வார்த்தை. அவ்வளவுதான். முன்பணம் போய்விடுகிறது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று, காப்பி, மிளகு, பலா, வாழை என்று கேட்டாலே ஆசை வரும். சென்னையிலிருந்து முன்னூறு கிலோ மீட்டருக்கு மேல் போகவேண்டும். மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். "அவ்வளவு தூரம் எதற்குப் போகவேண்டும்? படம்தான் இருக்கிறதே!" என்று தோன்றும்.

அங்கேதான் ஏமாறுகிறோம்.

வளப்பூர் நாடு என்று பத்திரத்தில் இருக்கும். அறப்பளீசுவரர் கோவிலும், ஆகாய கங்கை அருவியும் உள்ள இடம் அது. ஆனால் "நாடு" என்பது ஒரே தெரு அல்ல. மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்கள் சேர்ந்ததுதான் ஒரு நாடு. உங்கள் நிலம் கோவில் பக்கமா, பள்ளத்தாக்கின் அடியிலா? காகிதம் சொல்லாது, கால் நடந்தால்தான் தெரியும்.

வரைபடத்தில் ஒரு ஏக்கர் சமமாகத் தெரியும். நேரில் பார்த்தால் பாதி பாறையாக இருக்கலாம். பாதி செங்குத்துச் சரிவாக இருக்கலாம். வண்டி போக வழி உண்டா? கோடையில் தண்ணீர் உண்டா? மழையில் மண் சரியுமா? இதைப் படம் காட்டாது.

வில்லங்கச் சான்று வாங்கினால் போதுமா? போதாது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். நிலத்தில் இன்று யார் உழுகிறார் என்பது வராது.

சட்டம் என்ன சொல்கிறது, தெரியுமா? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நிலம் வேறொருவர் அனுபவத்தில் இருந்தால், அவருக்குள்ள உரிமை வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும். "நான் பார்க்கவில்லை" என்று சொன்னால் நீதிமன்றம் கேட்காது. பார்க்காதது உங்கள் குற்றம்!

கொல்லிமலையில் இன்னொன்றும் உண்டு. அங்கே பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். அவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிலங்களில், அனுமதி இல்லாமல் மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை உண்டு. அப்படிப்பட்ட நிலத்தை வாங்கினால் இரண்டு குடும்பங்கள் கெடும். உங்கள் பணம் போகும். அவர்கள் வயலும் வழக்கில் மாட்டும். நேரில் போய், உழுகிறவரிடமே, "ஐயா, இது யார் நிலம்?" என்று கேட்டால் பாதி உண்மை அங்கேயே வெளியாகிவிடும். மீதியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள்.

இந்த மோசடி புதிதல்ல. 1822-ல் லண்டனில் மெக்ரெகர் என்பவர், மத்திய அமெரிக்காவில் "போயாய்ஸ்" என்று ஒரு செழிப்பான நாடு இருப்பதாகச் சொல்லி நிலம் விற்றார். அழகான படங்கள், முத்திரை போட்ட பத்திரங்கள் எல்லாம் இருந்தன. சுமார் 250 பேர் கப்பல் ஏறினார்கள். இறங்கிப் பார்த்தால் வெறும் காடு! நகரமும் இல்லை, துறைமுகமும் இல்லை. போனவர்களில் பாதிக்கு மேல் நோயில் மாண்டார்கள். முதலில் ஒரே ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் அத்தனை உயிரும் பிழைத்திருக்கும்.

"பஸ் செலவும் இரண்டு நாள் கூலியும் போகுமே" என்பீர்கள். போகட்டும்! சில ஆயிரத்தோடு போவது நல்லதா, சேமிப்பு முழுவதும் போவது நல்லதா? வெளிநாட்டில் இருப்பவர், முடியாதவர், தரகருக்கு வேண்டாத சொந்தக்காரர் ஒருவரை அனுப்பலாம். அதற்கும் வழி இல்லையா? வாங்காதீர்கள். நிலம் எங்கும் ஓடிவிடாது.

வீட்டில் பெண்களையும் அழைத்துப் போங்கள். தண்ணீர் எங்கே, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆஸ்பத்திரி எங்கே என்று அவர்கள்தான் கேட்பார்கள். முடிந்தால் மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை போங்கள்.

பட்டாவைப் பாருங்கள், பத்திரத்தைப் பாருங்கள், வில்லங்கத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்!

அதன் பிறகு பணத்தை எடுங்கள்.