பல்லாவரத்தைப் பிரித்துப் பார்த்தால்

'கடிப்பதும் கறப்பதும் தவத்துக்குக் கிடைப்பதும் சேர்ந்த புறநகர் (6)'. விடுகதை போலத் தோன்றும் இந்த வரி ஒரு கிரிப்டிக் குறுக்கெழுத்துக் குறிப்பு. கடிப்பது பல், கறப்பது ஆ, தவத்துக்குக் கிடைப்பது வரம். சேர்த்துச் சொன்னால் பல்லாவரம். அடைப்புக்குள் இருக்கும் 6, விடையின் எழுத்துக் கணக்கு. மறுநாள் 'பல்லாவரம்' என்று விடையை மட்டும் அச்சிட்டால், கண்டுபிடிக்க முடியாமல் போனவர் 'ஏதோ ஊர்' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். பல், ஆ, வரம் என்று பிரித்துக் காட்டினால் 'அட!' என்பார், அடுத்த குறிப்பைத் தானே உடைத்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். தமிழ் நாளிதழ்கள் இப்படி ஒரு குறிப்பையாவது தினமும் வெளியிட வேண்டும், மறுநாள் விடையோடு விளக்கத்தையும் கட்டாயம் தர வேண்டும் என்பது என் வாதம். விளக்கம் வராது என்றால் குறிப்பும் வேண்டாம்.

நம் பத்திரிகைகளுக்குக் குறுக்கெழுத்து புதிதல்ல. 'இடமிருந்து வலம்', 'மேலிருந்து கீழ்' என்று படித்து வளர்ந்தவர்கள்தான் நாம். ஆனால் அங்கே கேட்கப்படுவது பெரும்பாலும் தகவல்: 'ராமனின் தம்பி (4)' என்றால் பரதன். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் யோசித்தும் பயனில்லை. கிரிப்டிக் குறிப்பில் விடைக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று விடையின் பொருள், மற்றது விடையைக் கட்டும் முறை. இரண்டும் ஒரே சொல்லில் வந்து சந்திக்கும்போது, நாளைய இதழுக்குக் காத்திராமலே 'இதுதான்' என்று அடித்துச் சொல்லிவிடலாம். ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தில் இந்த வித்தை இல்லை. அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தில்தான் அது முளைத்தது. பொருள் துல்லியமாக இருக்க வேண்டும், சொல்விளையாட்டு நேர்மையாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் வெளியே ஒரு சொல்கூட மிஞ்சக் கூடாது என்ற ஒழுங்கை, சிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த மக்னட் 1966இல் நூலாகவே எழுதி வைத்தார்.

இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது விளக்கம்தான். ஒரு புதிர் ஆசிரியர் 'வாரத்தில் ஒரு நாள் வானத்தில் தெரியும் (4)' என்று எழுதி, திங்கள் என்று விடை சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வாரத்தின் எல்லா நாளும் வானத்தில் உண்டு. எழுத்துக் கணக்கைப் பார்த்தாலும் திங்கள், செவ்வாய், வியாழன் மூன்றும் பொருந்துகின்றன. விளக்கம் எழுத உட்காரும்போதே ஓட்டை அவர் கண்ணில் பட்டுவிடும். 'வாரத்தில் ஒரு நாள், வருடத்தில் பன்னிரண்டு (4)' என்று திருத்துவார். இப்போது கிழமையும் மாதமுமாக இருக்கக்கூடிய சொல் திங்கள் ஒன்றுதான். விளக்கத்தால் வாசகருக்கு வழி தெரிகிறது. ஆசிரியருக்கோ அது கடிவாளம்.

கடிவாளம் இல்லாத குறுக்கெழுத்து எங்கே போய் நின்றது என்பதற்கு இந்தியச் சட்ட வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெரும் வியாபாரமாக இருந்தன. மாதிரிக்கு இப்படி ஒரு குறிப்பை நினைத்துக்கொள்ளலாம்: 'மனிதனுக்கு முதலில் வேண்டியது: _ணம்'. பணமா, குணமா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. உறைக்குள் முத்திரையிட்டு வைத்த விடைதான் முடிவு. 1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தைக் கொண்டுவந்து, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளைத் தடை செய்தது. பெங்களூரிலிருந்து குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சமர்பாக்வாலாவின் வழக்குகளில் 1957இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், திறமைக்குக் கணிசமான இடமில்லாத போட்டி சூதாட்டமே, அதற்குத் தொழில் உரிமை கோர முடியாது என்றது. ஏன் இந்த விடை என்று காட்ட முடிந்தால் அது திறமைக்கு வைத்த சோதனை. காட்ட முடியாவிட்டால் அது லாட்டரிச் சீட்டு.

'இது வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம், தமிழுக்கு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் 'தி இந்து' நாளிதழின் கிரிப்டிக் கட்டத்தோடு காலைக் காபி குடிக்கும் வீடுகள் சென்னையில் நிறைய இருப்பதால் எழும் எண்ணம் அது. கட்டங்கள் வெளியிலிருந்து வந்தவைதான், வித்தை நம்முடையது. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் சித்திரகவி வகைகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்துகிறது. தனித்தனிக் கேள்விகளின் விடைகளைக் கோத்தால் ஒரு பெயர் கிடைப்பது வினாவுத்தரம். மேலே பல்லாவரத்துக்கு நடந்தது அதுதான். ஒரு சொல்லில் எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வேறு வேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். பாட்டுக்குள் பாட்டை ஒளிப்பது கரந்துறைச் செய்யுள். சிலேடைக்குக் காளமேகத்தை விடவா ஆள் வேண்டும்? இக்காலத்திலும் அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இந்த வகைத் தமிழ்க் குறுக்கெழுத்துகளை அமைத்திருக்கிறார். முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

எழுத்தமைப்பு இடம் தராது என்ற ஆட்சேபத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 'கவலை'யைக் கலைத்தால் 'கலவை' வரும்போல இருக்கும், வராது. முதலாவதில் வ, லை; இரண்டாவதில் ல, வை. உயிர்மெய்யில் உயிர் ஒட்டிக்கொண்டே போவதால், ஆங்கிலத்தைப் போல எழுத்துகளைச் சீட்டுக்கட்டாகக் குலுக்க முடிவதில்லை. ஆனால் கிடைப்பவை பழுதில்லாதவை: 'நிலைகுலைந்த நகரம் பாவிகள் போகுமிடம் (4)' என்றால் நரகம், 'சாமி திரும்பினால் நெருக்கடி காலச் சட்டம் (2)' என்றால் மிசா. குலுக்கலில் இழப்பதைப் புணர்ச்சியில் ஈடுகட்டிவிடலாம். 'ஆலயம், அழகு, நெய்தல் நிலத்து ஊர் சேர்ந்தால் கீழ்க்கட்டளையிலிருந்து மேடவாக்கம் போகும் வழியில் வரும் (8)': கோவில், அம், பாக்கம், கோவிலம்பாக்கம். இது ஊர்ப்பெயர் ஆராய்ச்சி அல்ல, விளையாட்டு. பல்லவபுரம்தான் பல்லாவரம் ஆனது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பல் என்பதோடு ஆ சேரும்போது லகர ஒற்று இரட்டிக்கிறது. கோவில் என்பதோடு அம் சேரும்போது இரட்டிக்கவில்லை. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வறையிலேயே மறந்த விதிக்கு, இரண்டு பேருந்து நிறுத்தங்கள் உதாரணமாகிவிடுகின்றன.

'மெத்தப் படித்தவர்களின் பொழுதுபோக்கு' என்பது இன்னொரு குறை. விளக்கம் இல்லாத இடத்தில் அது நியாயமான குறைதான். 'திரும்பினால்' என்பது பின்னிருந்து படிக்கச் சொல்லும் சொல், 'நிலைகுலைந்த' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சொல் என்ற ரகசியம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் நடுவே இருக்கும் சுவர் அறிவால் எழுந்ததல்ல, பழக்கத்தால் எழுந்தது. தினம் ஒரு வரி விளக்கம் வந்தால், ஒரு மாதத்தில் அந்தச் சுவர் இடிந்துவிடும். விளக்கினால் சுவை போய்விடும் என்பவர்கள் நகைச்சுவையை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். சிரிப்பு விளக்கினால் செத்துவிடும், சரி. புதிர் அப்படியல்ல, விடை தெரிந்த பிறகு ஒவ்வொரு சொல்லும் ஏன் அங்கே நின்றது என்று பார்ப்பதே அதன் பாதிச் சுவை. செல்பேசியைக் கேட்டால் செயற்கை நுண்ணறிவு விடை சொல்லிவிடுமே என்றால், சொல்லட்டும். சொன்னது சரியா என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்க, பிரித்துப் பார்க்கத் தெரிந்த வாசகர் வேண்டுமே.

கடைசியில் மிஞ்சுவது இடப் பிரச்சினை. 'காக்க விதைப்பவனிடம் ஒளிந்திருக்கும் செய்யுள் (3)' என்ற குறிப்புக்கு ஒரு வரி போதும். 'காக்க விதைப்பவன்' என்ற சொற்களின் நடுவே 'கவிதை' இருக்கிறது என்ற விளக்கத்துக்கு இன்னொரு வரி. பன்னிரண்டு ராசிக்கும் தினமும் தாராளமாக இடம் ஒதுக்கும் பக்கம்தான் அது. அங்கே சொன்னது பலிக்காமல் போனால் மறுநாள் யாரும் விளக்கம் தருவதில்லை. விளக்கம் தரத் தயாராக இருக்கும் இரண்டு வரிக்கு, ஒரு ராசி கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டால் போதும்.